மூலையில் ஒரு நூல் இடைவெளி

மெர்ல் ட்ரெலோருக்கு அருவருப்பு சுலபமாக வரும். பேஸ்டிக்குள் காரட் போடுகிறவர்களைப் பார்த்தால் வரும். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப். இவற்றை மட்டுமே மாவுக்குள் மடித்துச் சுட வேண்டும் என்பது செம்பு உருக்கிய காலத்திலிருந்து எங்கள் துறைமுக ஊரான வாலரூவில் இருந்துவரும் வழக்கம். புதிதாகத் திறந்த பேக்கரி காரட் சேர்த்தபோது, மெர்ல் கடித்த துண்டைக் காகிதப் பையில் துப்பி, பையை அவர்கள் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தார். கடற்கரையில் நண்டின் ஓடுகளைப் போட்டுவிட்டுப் போகும் அடிலெய்ட் ஆட்கள், பேசும்போது தொலைபேசியைப் பார்க்கிறவர்கள், பிளாஸ்டிக் பூ. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே முகச்சுளிப்புதான் உண்டு. அதனால் வானொலி நிலையத்தின் கணினியைப் பார்த்து அவர் முகம் சுளித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

எங்கள் ஊர் வானொலி பழைய தபால் கிடங்கின் பின்னறையில் இருக்கிறது. சம்பளம் யாருக்கும் கிடையாது. காலை நிகழ்ச்சி மெர்லுடையது. அவர் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் உட்காருகிறவள் நான்.

வானொலிக்கு வருமுன் மெர்ல் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்தவர். அறுவடைக் காலத்தில் பார்லி லாரிகள் கடற்கரைச் சாலை வரை வரிசை கட்டும். மெர்ல் சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஜன்னல் வழியே ஓட்டுநர்களைப் பெயர் சொல்லித் திட்டி நகர்த்துவார். அந்தக் குரல்தான் இன்றும் மைக்குக்கு முன்னால் இருக்கிறது. கணவர் ஒருவர் இருந்தார். பெர்த்துக்கு வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. "வேலை கெடச்சிருக்கும் போல" என்பதோடு மெர்ல் அந்தக் கதையை முடித்துவிடுவார்.

ஐம்பது வயதுக்கு மேல் கை நடுங்கத் தொடங்கியது. ஆளைக் கொல்லும் வியாதி இல்லை, வெறும் நடுக்கம்தான் என்றார் மருத்துவர். மெர்லின் அப்பாவுக்கும் அது இருந்தது. சும்மா மடியில் கிடக்கும்போது கை அமைதியாக இருக்கும். ஒன்றை எடுக்கப் போனால்தான் ஆடும். குறி சின்னதாக ஆக ஆக ஆட்டம் பெரிதாகும். ஆகவே மெர்ல் தேநீரைப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவார். பொத்தான் வைத்த சட்டை போடுவதில்லை. பிறர் உதவிக்கு வந்தால் அதற்கும் அந்த முகச்சுளிப்பு உண்டு.

இப்படிப்பட்ட கை மவுஸைப் பிடித்தால் என்ன ஆகும்? திரையின் நடுவில் இருக்கும் ஒரு பொத்தானை நோக்கி அம்பைக் கொண்டுபோனால், அது பொத்தானைச் சுற்றி ஈ மாதிரி பறக்கும். ஆனால் திரைக்கு ஓரம் என்று ஒன்று இருக்கிறதே. எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அம்பு ஓரத்தில் முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது. மூலையோ இரண்டு சுவர் கூடும் இடம். அங்கே போய் விழுந்த அம்பு கை எப்படி ஆடினாலும் நகராது. எங்கள் பழைய கணினியில் பாட்டை நிறுத்தும் பொத்தான் கீழே இடது மூலையில், கடைசிப் புள்ளி வரை ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது யோசித்து வைத்ததா, தானாக அமைந்ததா தெரியாது. மெர்ல் திரையைப் பார்க்கக்கூட மாட்டார். கையிலிருக்கும் தாளை வாசித்தபடியே மவுஸை மூலைக்கு ஓர் எறி எறிவார், அழுத்துவார், பாட்டு நிற்கும். பல வருடங்களில் ஒரு தடவைகூடத் தவறியதாக எனக்கு நினைவில்லை.

அந்த எறி முக்கியமாகத் தேவைப்பட்டது மரண அறிவிப்புகளுக்கு. ஒன்பதேகாலுக்கு வாலரூவில் எந்த வீட்டு அடுப்படியிலும் பேச்சு இருக்காது. முதலில் ஒரு தோத்திரப் பாட்டின் இசை மெல்ல ஓடும். அதன் மேல் மெர்ல் பெயரை, யாருடைய கணவர், யாருடைய தாய் என்பதை, எந்தத் தேவாலயம், எத்தனை மணி என்பதை வாசிப்பார். கடைசிச் சொல்லோடு இசையை வெட்டுவார். பிறகு எதுவும் இருக்காது. வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் பயம். எங்கள் ஊரில் மட்டும் அந்த மௌனத்துக்குத்தான் குடும்பங்கள் காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"எண்ண மாட்டேன் கண்ணு. எண்ணுனா அது எடை போடுற வேலை ஆயிடும்" என்றார்.

குளிர்காலத்தில் டாரன் பாஸ்கோ புதிய கணினியைக் கொண்டுவந்தான். டாரனைக் குறை சொல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவன்தான் புயலில் சாய்ந்த ஏரியலைக் கூரை ஏறிக் கட்டியவன். நிலையத்தின் எல்லா ஒயரும் அவன் கை பட்டவை. காசு வாங்காதவன். பழைய கணினி செத்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. அவன் புதியதில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு திரையமைப்பைப் போட்டு, ஓர் ஓவியன் படம் திறந்துகாட்டுவதைப் போல எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அழகாகத்தான் இருந்தது. மூலைகள் எல்லாம் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று உருண்டிருந்தன. கீழே இருந்த பட்டை ஓரத்தை விட்டு விலகி மிதந்தது. எந்த மென்பொருள் ஜன்னலைப் பெரிதாக்கினாலும் அது திரையின் ஓரம் வரை போகாமல், நாலு பக்கமும் ஒரு நூல் இடம் விட்டே நின்றது.

"அது என்ன சந்து?" என்றார் மெர்ல்.

"சந்து இல்ல மெர்ல். திரை மூச்சு விடணும்ல?"

"அதுக்கு நுரையீரல் எங்க வெச்சிருக்க?"

டாரன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். மெர்ல் மவுஸை எடுத்து மூலைக்கு ஓர் எறி எறிந்தார். அம்பு சுவரில் முட்டி நின்றது. ஆனால் நிறுத்தும் பொத்தான் அங்கே இல்லை. நூலளவு உள்ளே இருந்தது. அழுத்தினார். பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது.

"வேலை செய்யல" என்றார்.

"செய்யுதே. பொத்தான் மேல வெச்சு அழுத்துங்க. இங்க பாருங்க." அவன் அழுத்திக் காட்டினான். அவன் கை நடுங்காத கை.

முதல் சில நாட்கள் மெர்ல் சமாளித்தார். தாளை வைத்துவிட்டு, திரையை உற்றுப் பார்த்து, மூலையில் முட்டிய அம்பை ஒரு மயிரிழை உள்ளே இழுத்து அழுத்துவார். சில நேரம் கிடைக்கும். கிடைக்காதபோது தோத்திரம் கூடுதலாக ஓர் அடி ஓடும்; வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் அறைக்கு வெளியே கண்ணாடி வழியே பார்க்கிற எனக்குத் தெரிந்தது. மௌனம் போய்விட்டது. மௌனம் வரவேண்டிய இடத்தில் அவர் அம்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். வெளியே வரும்போது கழுத்துவரை வியர்த்திருக்கும், எங்கள் ஊரில் குளிர்காலமான அந்த ஜூலையில்.

பிறகு க்ளெம் ரொடா இறந்தார்.

க்ளெம் இழுவைப்படகில் இருந்தவர், நுரையீரல் கெட்டுக் கடைசி வருடம் வீட்டோடு கிடந்தார். அவர் மனைவி ஐரிஸும் மெர்லும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அன்று ரொடா வீட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெர்ல் அன்று திரையைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? தாளில் இருந்தது அவருடைய சிநேகிதியின் வீட்டுக்காரர் பெயர். பழைய பழக்கத்தில், கடைசிச் சொல்லோடு மவுஸை மூலைக்கு எறிந்தார்.

விளம்பரங்களை வைத்திருந்த ஜன்னலை டாரன் முந்தின நாள்தான் கையால் இழுத்து, மற்றவற்றுக்குப் பின்னால் திரையின் ஓரத்தையே தொடும்படி விரித்துப் போட்டிருந்தான். அதன் ஓரம் அந்த நூல் சந்து வழியே வெளியே தெரிந்துகொண்டிருந்தது. மெர்லின் அழுத்தம் அங்கே போய் விழுந்தது. அந்த மூலையில் இருந்தது தூண்டில் கடையின் விளம்பரம்: கார்ட்டூன் நண்டு ஒன்று கீச்சுக்குரலில் சிரித்து, "கிள்ளிடுவேன்! கிள்ளிடுவேன்!" என்று பாடும்.

தோத்திரத்தின் மேலேயே நண்டு பாடியது.

மெர்ல் மறுபடி மூலைக்கு எறிந்து அழுத்தினார். நண்டு முதலிலிருந்து பாடியது. பதறினால் கை இன்னும் ஆடும். இன்னொரு முறை. மறுபடியும் அந்தச் சிரிப்பு. நான் கதவைத் திறந்து ஓடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டையைக் கீழே இழுத்தபோது, "கிள்ளிடு" என்பதோடு நின்றது. பிறகு மௌனம் வந்தது. அது வேறு ஜாதி மௌனம்.

மெர்ல் மைக்கைப் பார்த்து, "க்ளெம் ரொடா குடும்பத்துகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குறேன்" என்று மட்டும் சொன்னார். அலை, காற்று அறிக்கைகளை வாசித்தார். நிகழ்ச்சியை முடித்தார். வெளியே வந்து குப்பைக்கூடைமீது குனிந்து வாந்தி எடுத்தார்.

ஐரிஸ் அடக்கம் முடியும்வரை காத்திருந்து நிலையத்துக்கு வந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை.

"பேரன் சிரிச்சுட்டான் மெர்ல்."

மெர்ல் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சின்னப் பையன், நண்டு பாடுனா சிரிக்காம என்ன பண்ணுவான்? சிரிச்சதுக்கு அவங்கப்பன் அவனை அடிச்சான். க்ளெம் பேரு சொன்ன நாள்ல எங்க வீட்ல ஒரு புள்ள அடி வாங்குச்சு. அதான் இப்ப எனக்கு ஞாபகம் இருக்கு. நீ வாசிச்சது எதுவும் ஞாபகம் இல்ல."

"என் கை ஐரிஸ்" என்று மெர்ல் தொடங்கி நிறுத்திக்கொண்டார். கையைச் சாக்காகச் சொன்னதை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு நூல் அகலச் சந்துக்காக அந்தப் பெண்மணி தன் கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

டாரன் தன்னால் ஆனதைச் செய்தான். விசைப்பலகையில் ஒரு விசையைப் பாட்டை நிறுத்துவதற்கென்று அமைத்தான். நடுங்கும் விரல் அதை இரண்டு முறை தட்டியது. ஒரு தட்டில் நின்ற பாட்டு மறு தட்டில் கிளம்பியது. அம்பைப் பெரிதாக்கினான். "இப்ப பெருசா நடுங்குது" என்றார் மெர்ல். விளம்பர ஜன்னலைத் திரையை விட்டே எடுத்தான். நண்டு போனது, ஆனால் பழைய மூலை திரும்பவில்லை.

அந்தத் திரையமைப்பைச் செய்கிறவர்களின் இணைய மன்றத்தில் நான் நடந்ததை எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். யாரோ ஒருவர், இந்த நாளில் யார் மவுஸை மூலைக்கு எறிகிறார்கள் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், இடைவெளி தோற்றத்தின் ஒரு பகுதி, குறை அல்ல என்று சொல்லி, நான் தொடங்கிய பேச்சை மூடிவிட்டார். கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் வேறு. நான் அதை மெர்லிடம் காட்டவில்லை.

நிர்வாகக் குழுவின் கூட்டம் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. தலைவி ஹெதர் நான்காரோ, சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த்தூள் புரட்டும் லாமிங்டன் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். கெட்ட சேதி சொல்ல வேண்டிய கூட்டங்களுக்குத்தான் அவர் லாமிங்டன் செய்வார் என்பது எங்களுக்குத் தெரியும். மெர்ல் தட்டைத் தொடவில்லை.

"யாரும் உங்கள வேண்டாம்னு சொல்லல மெர்ல்" என்று தொடங்கினார் ஹெதர்.

"அப்போ யாரோ சொல்லிருக்காங்க."

"அறிவிப்பு மட்டும். அத முன்னாடியே பதிவு பண்ணி வெச்சுட்டா..."

"ஒன்பது மணி வரைக்கும் அடக்கம் பண்றவங்க ஃபோன் பண்றாங்க. முன்னாடியேன்னா எப்ப? சாகறதுக்கு முன்னாடியா?"

மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"இல்லன்னா நீங்க பேசுங்க, டாரன் பக்கத்துல உக்காந்து பாட்ட நிறுத்துவான்" என்றார் ஹெதர்.

"என் மூச்சு எப்ப நிக்கும்னு டாரன் பாத்துட்டே இருப்பானா? எடைமேடையில நான் எடை போட்டேன், இன்னொருத்தன் வந்து முள்ளப் படிக்கல. முழுசா நான் பண்றேன். இல்லன்னா நான் பண்ணல. இதுல பாதி கிடையாது."

அதுதான் நிலைமை. சம்பளமில்லாத அந்த வேலையை, காலையில் எழுந்திருக்க அவருக்கு இருந்த ஒரே காரணத்தை, இன்னும் பத்து நிமிடத்தில் அவரே விட்டுவிட்டு எழுந்து போகப் போகிறார். ஹெதருக்கும் அது தெரிந்தது. நான் கூட்டங்களில் பேசுகிறவள் இல்லை. அன்று கேட்டேன்.

"டாரன், அந்தச் சந்தை எடுக்கவே முடியாதா?"

"எது, ஓரத்துல இருக்குற இடைவெளியா?" அவன் லாமிங்டனைக் கடித்துக்கொண்டே சொன்னான். "எடுக்கலாமே. அமைப்புல ஒரு டிக். எடுத்தா எல்லாம் ஓரத்துல போய் ஒட்டிக்கும்."

அறையில் தேங்காய்த்தூள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒட்டிக்குமா?" என்றார் ஹெதர்.

"ஒட்டிக்கும். ஆனா பாக்க கேவலமா இருக்கும். பழைய பேங்க் கம்ப்யூட்டர் மாதிரி. அடுத்த மாசம் ஊர்க்காரங்களக் கூப்பிட்டு நிலையத்தச் சுத்திக் காட்டப் போறோம், போட்டோ எல்லாம்..."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கலையே. வேலை செய்யலன்னாங்க. வேலை செய்யுதே, அதான் சொன்னேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை மேலும் அருவருக்க வைத்தது. கெட்ட எண்ணம் என்று ஒன்று இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இருந்தது வெறும் ரசனை. ஒரு கிழவியின் கைக்கும் திரையின் சோப்பு மூலைக்கும் நடுவே அவன் ஒருபோதும் தேர்வு செய்யவில்லை. தேர்வு செய்ய ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

மெர்ல் அவன் பக்கம் திரும்பினார். காரட்டைக் கடித்த முகம்.

"க்ளெம் பேரன் அடி வாங்குனது இந்த டிக்குக்கா?"

டாரன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"போய் எடு" என்றார் ஹெதர். "இப்பவே. கூட்டம் அப்புறம்."

அவன் ஸ்டுடியோவுக்குள் போனான். கண்ணாடி வழியே நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நாலைந்து அழுத்தம், அவ்வளவுதான். திரை குலுங்கியது போல் ஒருகணம் அசைந்து நாலு சுவர்களிலும் போய் உட்கார்ந்தது. பழைய வங்கிக் கணினி மாதிரிதான் இருந்தது. மெர்ல் எழுந்து உள்ளே போய், உட்காராமலே, ஒரு பாட்டை ஓடவிட்டு மவுஸை மூலைக்கு எறிந்தார். நின்றது. மறுபடி ஓடவிட்டார், எறிந்தார். நின்றது. வெளியே வந்து, "திங்கக்கிழம வரேன்" என்று ஹெதரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே ஐரிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். துக்க வீட்டார் பிற்பாடு ஊருக்கு நன்றி சொல்லும் அறிவிப்பு ஒன்று உண்டு: பூ அனுப்பியவர்களுக்கு, சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு, சவப்பெட்டியைத் தூக்கியவர்களுக்கு. அதை எடுத்து எழுதிக்கொண்டது நான்.

"யாரு வாசிப்பாங்க?" என்று கேட்டார் ஐரிஸ்.

"மெர்ல்தான். இல்ல, வேற யாராவது வாசிக்கணும்னா..."

"மெர்ல்தான் வாசிக்கணும். அவகிட்ட சொல்லு. அந்த நண்டு மட்டும் வந்துச்சுன்னா நானே வந்து ஒயரப் புடுங்குவேன்னும் சொல்லு."

சொன்னேன். "புடுங்கட்டும். எங்க இருக்குன்னு காட்டிக் குடு" என்றார் மெர்ல். ஆனால் அன்று காலை அவர் கோப்பையில் தேநீர் கால்வாசிதான் இருந்தது.

ஒன்பதேகாலுக்குத் தோத்திரம் எழுந்தது. டாரன் என் பக்கத்தில் கண்ணாடிக்கு இப்பால் நின்றான்; வேலைக்குப் போகும் வழியில் வந்தானாம். மெர்ல் தாளை வாசித்தார். மருத்துவமனைத் தாதிகளுக்கு, படகுத் தோழர்களுக்கு, எதிர்வீட்டு ட்ரூடிக்கு அவள் கொண்டுவந்த சூப்புக்கு. திரையின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. கடைசிச் சொல்லில் வலது கை தானாக ஓர் எறி எறிந்தது. இசை வெட்டுப்பட்டது.

பிறகு எதுவும் இல்லை. அறையில் மின்விசிறியின் இரைச்சல்கூட இல்லாத மாதிரி இருந்தது. மெர்லின் கை மவுஸின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அம்பு மூலையில் அசையாமல் கிடந்தது. டாரன் தன்னையறியாமல் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான். இது போதும், இது அதிகம் என்று எனக்குள் ஏதோ பதறியபோதும் மெர்ல் விடவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்திருந்து, பிறகு, "படகுத்துறையில தென்மேற்குக் காத்து" என்று ஆரம்பித்தார்.

நிகழ்ச்சி முடிந்து அவர் வெளியே வந்தபோது டாரன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருந்துச்சு மெர்ல்."

"பொத்தான் பொத்தான் மாதிரி வேலை செஞ்சுச்சு. அதுக்குக் கைதட்டச் சொல்லாத."

"சரி. ஆனா ஊருக்கெல்லாம் நன்றி சொன்னீங்க. எனக்கு ஒண்ணு கெடையாதா?" அவன் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தான்.

மெர்ல் கோட்டின் கைக்குள் கையை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். யாரும் உதவப் போகவில்லை. கை உள்ளே போனதும் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"வாசிக்கிறேன்டா. நீ போய்ச் சேந்ததுக்கப்புறம், ஒன்பதேகாலுக்கு."